'ர' இல்லாத மாதம்

அத்தியாயம் 9

வாசலில் ஷூவைக் கழற்றியதும் ஓட்வாரின் வலது கால் கட்டைவிரல் சாக்ஸ் ஓட்டை வழியாக வெளியே வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்ன கோலம் இது?" என்றாள் பெர்கித்.

"விசாரணைக்கு வந்திருக்கோம் பாஸ். அதுவும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போகட்டுமே."

பெர்கித் லோவோஸ் சிரிக்கவில்லை. துறைமுகச் சுங்கத்தில் பல வருஷம் அடுத்தவர் பெட்டியில் சாராயத்தை மோந்து பிடித்தவள். சிரிப்பையும் அங்கேயே பறிமுதல் செய்து வைத்துவிட்டு வந்திருந்தாள். இப்போது நார்வேயின் ஓலசுண்ட் நகரில் தனியார் துப்பறிவாளர். ஓட்வார் கார் ஏற்றிப்போகும் படகில் சாசேஜ் விற்றவன், கேப்டனின் மனைவியைப் பற்றி ஒரு ஜோக் அடித்து வேலையைத் தொலைத்தவன். அவனைப் படகிலிருந்து இறக்கிவிட்டதும் அந்த வாய்தான், பெர்கித் சேர்த்துக்கொண்டதும் அந்த வாய்க்காகத்தான். இவன் பேசினால் எதிராளிக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் உண்மையும் கூடவே வரும் என்பது அவள் கணக்கு.

ராண்டி வோக்னெஸ் ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். ஜூன் மாத வெயிலில் கழுத்து வரை கம்பளி. இந்தத் தீவில் பாதிப் பேருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள் அவள். முறை ரொம்ப எளிது, பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிடுவாள். அந்தத் தோள்கள் இப்போது சட்டை மாட்டும் ஹேங்கர் மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. ஓட்வாருக்கு நுனிநாக்கு வரை வந்த ஜோக் அங்கேயே செத்துப்போனது.

"உக்காருங்க," என்றாள் ராண்டி. "நான் சுருக்கமா சொல்லிடறேன். நடுவுல எழுந்து ஓட வேண்டி வரும்."

"சொல்லுங்க."

"குடல்ல கட்டி. பிப்ரவரில கீமோ ஆரம்பிச்சாங்க. ஏப்ரல் ஸ்கேன்ல கட்டி பாதியா சுருங்கிடுச்சு. டாக்டரம்மா கட்டிப் பிடிச்சிக்கிட்டா. மே மாசம் வந்துச்சு, எல்லாம் போச்சு. எடை இறங்குது, இறங்குது, இறங்கிக்கிட்டே இருக்குது. வர்ற வியாழக்கிழமை தராசுல ஏத்தி எடை பாப்பாங்க. இன்னும் குறைஞ்சிருந்தா கீமோவை நிறுத்திடுவாங்க. உடம்பு தாங்காதாம். நோய் என்கிட்ட தோத்துக்கிட்டு இருக்கு, நான் பட்டினியில சாகப்போறேன். இந்தக் கூத்து எங்கயாவது உண்டா?"

"சாப்பிடறதில்லையா?"

"சோறு இறங்கல. ஆஸ்பத்திரியில குடுத்த சத்து பானம் இருக்கு, தினம் மூணு பாட்டில். மெதுவாக் குடிக்கணும், அவசரப்படாமக் குடிக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. அப்படித்தான் குடிக்கிறேன். உள்ள போகுது, நிக்க மாட்டேங்குது." அவள் முகவாயால் எதிரே காட்டினாள். மரத்தில் செதுக்கிய இருதயம் தொங்கும் கதவு, வீட்டின் ஒரே கழிப்பறை. "என் குடித்தனமே அந்தக் கதவுக்குப் பின்னாடிதான்."

"கீமோன்னா வயித்தால போகறது சகஜம்," என்றாள் பெர்கித்.

"ஊரே அதைத்தான் சொல்லுது. அப்ப ஏப்ரல் வரைக்கும் ஏன் போகல? யாரோ என்னைக் கொல்றாங்க. எனக்குப் பைத்தியம்னு நினைச்சா இப்பவே சொல்லிட்டுக் கிளம்புங்க, அடுத்த படகு இருக்கு."

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

"புருஷன். நாய். காலையில தங்கச்சி குன்வோர் வந்துட்டுப் போவா, அக்கரையில இருந்து. இன்னிக்கு இன்னும் வரல." சொல்லிவிட்டு ராண்டி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். கம்பளியும் சட்டைக் கழுத்தும் நழுவி, வலது கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு தெரிந்து மறைந்தது. இருதயக் கதவு சாத்திக்கொண்டது.

சமையலறையில் புருஷன் எய்விண் சத்து பானத்தின் சிறிய பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து, கால் வைத்த கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். மேஜைக்கடியில் ஒரு நாய் படுத்திருந்தது. சாம்பல் நிற வேட்டை நாய். வேட்டையாடிய காலம் மலையேறிப்போய், இப்போது சோபாவுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது.

"பேர் என்ன?" என்றான் ஓட்வார்.

"ட்ரொல்."

"நல்லா இருக்கு. வீட்ல ஒருத்தர் இளைக்கிறாங்க, ஒருத்தர் கொழுக்கிறாங்க. எடை வீட்டை விட்டு வெளிய போகல போலிருக்கே?"

எய்விணின் கை நின்றது. பெர்கித் ஒரு பாட்டிலை எடுத்து ஓட்வாரிடம் நீட்டினாள். அவன் ஒரு மடக்கு குடித்தான். போஸ்டர் ஒட்டும் பசையில் ஸ்ட்ராபெரி வாசனை காட்டியது போல இருந்தது. குடித்தே தீர வேண்டிய நிலைமையில் இருப்பவர்களை நினைத்து, மிச்சத்தை மேஜையில் வைத்துவிட்டான்.

"சீல் ஒழுங்கா இருந்துச்சு, சரக்கும் சரியா இருக்கு," என்றாள் பெர்கித். "அப்ப பாட்டில் நல்ல பாட்டில். பாட்டிலுக்கும் அவங்க வாய்க்கும் நடுவுல இருக்கிறது நீங்க மட்டும்தான், எய்விண். எதுக்கு டம்ளர்ல ஊத்தறீங்க?"

"பாட்டிலோட குடுத்தா ஆஸ்பத்திரி ஞாபகம் வருதுன்னு சொல்லுவா."

"நாய்க்கு எவ்வளவு ஊத்தறீங்க?" என்றான் ஓட்வார்.

எய்விண் முதலில் முறைத்தான். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு ஸ்டூலில் சரிந்தது. "அவ மிச்சம் வைப்பா. அடியில கொஞ்சம். சிங்க்ல கொட்ட மனசு வரல, இதுக்குப் போட்டேன். நர்ஸ் கேட்டா முழுசாக் குடிச்சான்னு சொல்லிடுவேன். உண்மையச் சொன்னா கீமோவை நிறுத்திடுவாங்களோன்னு பயம். நான்தான் அவளைக் கொன்னுட்டேனா?"

அழும்போது அவன் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. ஓட்வார் கட்டைவிரலைப் பார்த்தான். டம்ளர் அடியில் கொஞ்சம் பானம் மிஞ்சியதால் ஒருத்தி செத்துப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

"இல்ல," என்றாள் பெர்கித். "நீங்க பொய் சொன்னீங்க, அவ்வளவுதான். வேற என்ன குடுக்கறீங்க? மாத்திரை, பொடி, கஷாயம்?"

"ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில கண்டிஷனாச் சொல்லிட்டாங்க, கீமோ முடியற வரைக்கும் கேக்காம எந்தச் சத்துப் பொருளும் குடுக்கக் கூடாதுன்னு. குன்வோர் கடையில ஆயிரம் விக்கிறா, ஒண்ணையும் உள்ள விடல."

குன்வோரின் இயற்கை வைத்தியக் கடையைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஸ்வீடன் மலையில் ஏதோ ஆசிரமத்துக்குப் போனாள், ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டுத் தேறி வந்தாள். 'ஒரு சொட்டு விஷம் என் உடம்பில் ஏறவில்லை. சாறும் விதையும் நம்பிக்கையும்தான்' என்று சர்ச் ஹாலில் பேச ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. புட்டி புட்டியாக விற்றாள். அவள் பேச்சைக் கேட்டுக் கீமோவைப் பாதியில் விட்ட ஆலௌக் என்கிற தபால்காரி மார்ச்சில் செத்துப்போனாள். குன்வோர் மலர்வளையம் அனுப்பியிருந்தாள், கடையின் பெயர் போட்ட ரிப்பனோடு.

"தினம் காலையில அவ வந்து என்ன செய்வா?" என்றாள் பெர்கித்.

"சும்மா பேசிட்டு இருப்பா. பிப்ரவரில இருந்தே ஒரு கரண்டி மீனெண்ணெய் குடுப்பா. அது மருந்தா என்ன? நம்ம எல்லாரும் குடிச்சதுதானே. சின்ன வயசுல ராண்டிதான் குன்வோர் மூக்கைப் பிடிச்சு வாயில ஊத்துவாளாம். இப்ப இவ ஊத்தறா. வர்றப்ப கொண்டு வருவா, போறப்ப கைப்பையில எடுத்துக்கிட்டுப் போயிடுவா. கரண்டியைக்கூட அவளே கழுவுவா, பாவம். ஒருநாள் கழுவ மறந்துட்டா, ட்ரொல் நக்கிடுச்சு. ஹால் கம்பளத்தைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்துச்சு."

ஓட்வார் சிரித்துவிட்டான். "ஜூன்லயா மீனெண்ணெய்? எங்கம்மா கேட்டா கல்லறையில இருந்து எழுந்து வந்துடுவா. எங்க வீட்ல, ஏன், நாட்டுல எல்லா வீட்லயும், மாசப் பேர்ல 'ர' இருந்தாத்தான் கரண்டி வரும். செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நரகம். மே பொறந்துச்சா, விடுதலை! கொடி ஏத்தாத குறைதான்."

"மறுபடி சொல்லு," என்றாள் பெர்கித்.

"கொடி ஏத்தாத..."

"அதுக்கு முன்னாடி."

"மே பொறந்துச்சா, விடு..." ஓட்வார் வாயை மூடிக்கொண்டான். அது அவன் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"மே மாசம் எல்லாம் கெட்டுப்போச்சு. உடனே எல்லாரும் என்ன தேடினோம்? மே மாசத்துல புதுசா என்ன வந்துச்சுன்னு தேடினோம். ஒண்ணும் வரல. மே மாசத்துல போயிருக்க வேண்டியது எது போகலன்னு கேட்டிருக்கணும்." பெர்கித் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மீனெண்ணெய் யாரும் எழுதித் தரவில்லை, கேட்கவும் இல்லை.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஓட்வார், நம்ம காரை அவ காருக்குப் பின்னாடி ஒட்டி நிறுத்திட்டு வா."

"எவ்வளவு ஒட்டி?"

"கேப்டன் பொண்டாட்டி ஜோக் மாதிரி. திரும்பி வர வழி இருக்கக் கூடாது."

அவன் திரும்பி வந்தபோது குன்வோர் ஹாலில் இருந்தாள். அறுபதை நெருங்கும் வயசுக்கு நம்ப முடியாத தோல், வெள்ளைப் பல், கழுத்தில் நீலப் பட்டு ஸ்கார்ஃப். ராண்டி நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள். குன்வோர் கைப்பையிலிருந்து பாட்டிலையும் கரண்டியையும் எடுத்தாள்.

"வாயத் திற அக்கா. இன்னிக்கு முகம் ஏன் இவ்வளவு வாடியிருக்கு? நான் சொல்றதைக் கேளு, அந்த ஆஸ்பத்திரி பானச் சனியனை விட்டுத் தொலை. அதுல சீனியைத் தவிர என்ன இருக்கு?"

"நல்ல மீனெண்ணெய் மாதிரி இருக்கே," என்றாள் பெர்கித். தன்னை ராண்டியின் பழைய மாணவி என்று சொல்லியிருந்தாள். "என் கூட வந்த பையனுக்கு ஒரு கரண்டி குடுங்களேன், ரொம்ப வெளிறிப் போயிருக்கான்."

ஓட்வார் நிஜமாகவே வெளிறினான்.

"இது நோயாளிக்குன்னு வெச்சிருக்கேன்."

"வெறும் மீனெண்ணெய்தானே?"

"வெறும் மீனெண்ணெய்தான்."

"அப்ப நீங்க ஒரு கரண்டி குடிங்க, நாங்க பாக்கறோம். ஜூன் மாசத்துல மீனெண்ணெய் குடிக்கிற நார்வேக்காரங்களை நான் பாத்ததே இல்ல."

ராண்டியின் கண் தங்கையின் மேல் விழுந்தது, அப்புறம் பாட்டிலுக்குப் போனது. ராண்டிக்கு எவ்வளவு சீக்கிரம் புரிந்தது என்பதைப் பார்க்க ஓட்வாருக்குக் கஷ்டமாக இருந்தது.

குன்வோர் சிரித்தாள். கரண்டி நிறைய ஊற்றினாள், விழுங்கினாள். இன்னொரு கரண்டி ஊற்றி அதையும் விழுங்கினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "போதுமா? இல்ல, பாட்டிலையே கவுத்துக்கட்டுமா?" என்றாள்.

ஓட்வாருக்குப் பகீரென்றது. தப்பான ஆளைப் பிடித்துவிட்டார்கள். எழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று பெர்கித்தைப் பார்த்தான். அவள் பாட்டிலை வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் பெர்கித். "இனிமே நிதானமா காபி சாப்பிடலாம்."

"எனக்குக் கடை திறக்கணும்."

"படகு இப்பத்தான் போச்சு," என்றான் ஓட்வார். "அதோட என் கார் உங்க காருக்குப் பின்னாடி நிக்குது. சாவி எங்க விழுந்துச்சுன்னு தெரியல. கிடைக்கும், கிடைக்கும். உங்களை மாதிரி நம்பிக்கையோட தேடினா எல்லாம் கிடைக்கும்."

எய்விண் காபி போட்டான், வாஃபிள் சுட்டான், பழுப்புச் சீஸை மெல்லிசாக இழைத்து வைத்தான். குன்வோர் எதையும் தொடவில்லை. நாலு மணி வரை தண்ணீர் மட்டும் என்பது அவள் ஊருக்கெல்லாம் உபதேசிக்கும் விரதம். அப்போதுதான் ராண்டி, "எய்விண், எனக்கு இங்க வெயில் சுடுது. நாற்காலியை நகர்த்து," என்றாள்.

"எங்க?"

"அங்க."

அவன் அவளோடு சேர்த்தே நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், இருதயம் தொங்கும் கதவில் அதன் முதுகை முட்டவைத்தான். ராண்டி சாய்ந்து உட்கார்ந்தாள். மரத்து இருதயம் அவள் தலைக்கு மேல் ஆடியது.

முதல் பானை காபி, ஆலௌக்கின் சவ அடக்கத்தைப் பற்றிப் பேசுவதிலேயே தீர்ந்தது. இரண்டாவது பானை வந்தபோது குன்வோர் பேச்சை நிறுத்தியிருந்தாள். ஒரு தொடையை எடுத்து இன்னொன்றின் மேல் போட்டாள். பிறகு மாற்றிப் போட்டாள். அவளுடைய அந்த நம்ப முடியாத தோலில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அக்கா, கொஞ்சம் நகரேன். கை கழுவணும்."

"சமையல்கட்டுல கழுவு."

"எனக்கு... வயிறு சரியில்ல."

"அப்படியா? எனக்கும் மே மாசத்துல இருந்து சரியில்ல. கீமோன்னா சகஜம்னு சொல்றாங்க. உனக்கு எதனாலடி?"

ட்ரொல் எழுந்து மேஜைக்கு அப்பால் போய்ப் படுத்துக்கொண்டது. ஓட்வாருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் இவ்வளவு நாகரிகமான ஒரு சித்திரவதையை அவன் பார்த்ததில்லை. இன்னொரு வாஃபிள் எடுத்து, ஜாம் தடவி, அவளுக்கு நீட்டினான். "ஏதாவது சாப்பிடுங்க, கெட்டியா நிக்கும்."

"வாய மூடுடா!" குன்வோர் கத்தினாள். மூச்சு வாங்கியது, கை தானாக ஸ்கார்ஃபுக்குப் போய் முடிச்சைப் பிய்த்து இழுத்தது. "நகரு அக்கா! மே மாசத்துல இருந்து அதுல விளக்கெண்ணெய் கலந்தேன், வெறும் விளக்கெண்ணெய்தான்! விஷம் ஒண்ணும் இல்ல!"

"ஏன்?" என்றாள் ராண்டி.

"ஏப்ரல்ல என்ன சொன்ன நீ? சர்ச் ஹால்ல நடக்கற மிட்சம்மர் கோடை விழாக் கூட்டத்துல எழுந்து நின்னு, ஆஸ்பத்திரிதான் காப்பாத்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்னு சொன்ன. சிரிச்சிக்கிட்டே சொன்ன! நீ பொழைச்சா நான் யாரு அக்கா? அந்த ஹால்ல நான் யாரு?"

ஓட்வார் நீட்டிய வாஃபிளைத் தட்டிலேயே வைத்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. ஸ்கார்ஃப் அவிழ்ந்த இடத்தில், வலது கழுத்தெலும்புக்குக் கீழே, ஒரு விரற்கடை நீளத்துக்கு வெளுத்த தழும்பு இருந்தது. அதே மாதிரி ஒன்றை அவன் காலையில்தான் ராண்டி எழுந்தபோது பார்த்திருந்தான்.

ராண்டியும் பார்த்துவிட்டாள். கம்பளியை விலக்கி, சட்டைக் கழுத்தை இறக்கினாள். கீமோ ஏற்றத் தோலுக்கடியில் பதித்த சின்னக் குமிழ். அதன் மேல் தையல் போட்ட தழும்பு, அதே இடத்தில், அதே நீளத்தில்.

"ஒரு சொட்டு விஷம் ஏறல," என்றாள் ராண்டி மெதுவாக. "எந்த ஆஸ்பத்திரிடி?"

குன்வோர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அழுகையும் வேர்வையும் ஒன்றாக வழிந்தன. "உமியோ. ஸ்வீடன்ல. எட்டு தடவை ஏத்தினாங்க. விக்கு வெச்சிக்கிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்."

"ஆலௌக் உன்கிட்ட வந்து கேட்டாளே. கீமோ போட்டுக்கட்டுமா, விட்டுடட்டுமான்னு உன் கடையில நின்னு கேட்டாளே. அவகிட்ட என்ன சொன்ன?"

குன்வோர் கதவையே பார்த்தாள். எய்விண் வாஃபிள் கல்லை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். ஓட்வாருக்கு ஆலௌக்கைத் தெரியும். படகில் சாசேஜுக்குக் கடுகு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்குவாள். அவன் வாஃபிள் தட்டைக் குன்வோரிடமிருந்து தள்ளி வைத்தான்.

விளக்கெண்ணெய் என்ற சொல் விழுந்ததுமே வெளியே போயிருந்த பெர்கித் வராந்தாவிலிருந்து போனோடு உள்ளே வந்தாள். "போலீஸ் அடுத்த படகுல வர்றாங்க. டாக்டரம்மாகிட்டயும் பேசிட்டேன், ராண்டி. காரணம் இதுதான்னா நல்லதுக்குத்தான்னு சொல்றாங்க. வியாழக்கிழமை தராசு வேணாமாம், ரெண்டு வாரம் டைம் தர்றாங்க. வயிறு நின்னு, எடை ஏறினா, கீமோ தொடரும்."

ராண்டி கண்ணை மூடித் திறந்தாள். இன்று அவளுக்குக் கரண்டி விழவில்லை. மே பிறந்த பிறகு இன்றைக்குத்தான் உள்ளே போவது உள்ளேயே நிற்கும்.

"எய்விண், ஒரு பாட்டில் கொண்டா. டம்ளர் வேணாம்."

அவன் மூடியைத் திருகி, குழலைப் போட்டுக் கொடுத்தான். குன்வோர் எழுந்து, இரண்டு அடி வைத்து, கதவுக்கு முன்னால் நின்றாள். நிமிர முடியவில்லை, குனியவும் முடியவில்லை. அவள் முகம் அக்காவின் முகத்துக்கு நேரே இருந்தது.

"அக்கா, உன் கால்ல விழறேன். எல்லார் முன்னாடியும் வேணாம். நகரு."

ராண்டி குழலை உதட்டில் வைத்தாள். ஒரு மிடறு உறிஞ்சினாள், வாயில் வைத்திருந்து விழுங்கினாள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நிறைய மிச்சம் இருந்தது.

"அவசரப்படுத்தாதடி," என்றாள். "மெதுவாத்தான் குடிக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா."